எண் சுருள்: மூன்று எண்ணை வைத்துச் சூத்திரம் எழுதாதீர்கள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பள்ளிப் பிள்ளைகளிடம் எண் சுருளைக் கொடுத்துப் பாருங்கள். வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குவார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் விழுகிற குழிகள் அவை. ஓர் எண்ணை விட்டுவிட்டு எழுதுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை இங்கே சொல்லவில்லை.

நாம் பேசும் சுருள் இது: நடுவில் 1, வலப்பக்கம் 2, அதற்கு மேலே 3, இடப்பக்கமாக 4, 5, கீழே 6, 7, வலப்பக்கமாக 8, 9, 10.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அடி கூட்டுவது

திரும்புவதற்கு முன் நேராக நகரும் அடிகள் 1, 1, 2, 2, 3, 3 என்று இரண்டு திருப்பத்துக்கு ஒருமுறைதான் கூடும். 1, 2, 3, 4 என்று கூட்டினால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு வரிசை காலியாகக் கிடக்கும். திரும்பும் இடங்களில் 2, 3, 5, 7, 10, 13, 17, 21 இருக்க வேண்டும். 2, 4, 7, 11 என்று வந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள்.

நடுவில் 0-வா, 1-ஆ?

எதுவானாலும் சரி. படத்தின் மேல் எழுதி வையுங்கள்.

மூன்று எண்ணை வைத்துச் சூத்திரம் எழுதுவது

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் வருகிறது. லாஸ்பேட்டையில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி, 2-லிருந்து நேர் மேலே ஏறும் நெடுவரிசையை எடுத்தாள்: 2, 3, 14. வித்தியாசம் 1, 11. அவற்றின் வித்தியாசம் 10. உடனே 5க² − 4க + 2 என்று எழுதினாள். க-வுக்கு 0, 1, 2 போட்டால் மூன்றும் அச்சாகப் பொருந்துகின்றன. சூத்திரத்தைப் பச்சை மையில் கட்டம் கட்டி, இரண்டு பக்கத்துக்கு எண்களை நிரப்பிவிட்டாள். நான்காவது எண்ணே தப்பு. சூத்திரம் தருவது 35, சுருளில் இருப்பது 33.

எந்த மூன்று எண்ணைக் கொடுத்தாலும் பொருந்துகிற கோவை ஒன்று, இருபடிக்கு மேல் போகாமலே, கட்டாயம் கிடைக்கும். பால் கணக்கு நோட்டிலிருந்து எடுத்த மூன்று எண்ணுக்கும் கிடைக்கும். அதனால் மூன்று பொருந்தியது சோதனையே ஆகாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மையம் வழியாகப் போகாத கோடு நடுவில் பக்கம் மாறும். 2 சுற்றின் வலப்பக்கத்தில் நிற்கிறது, 3 மூலையில், 14, 33, 60 மேல்பக்கத்தில். 2-ஐ ஒதுக்கிவிட்டு 3, 14, 33, 60 என்று எடுங்கள். வித்தியாசம் 11, 19, 27. இரண்டாம் வித்தியாசம் 8, 8. சூத்திரம் 4க² + 7க + 3.

அந்த 8 எங்கிருந்து வருகிறது? 1-ஐச் சுற்றி முதல் சுற்றில் 8 கட்டம், அடுத்ததில் 16, பிறகு 24. சுற்றுக்கு 8 கூடுகிறது. சுற்றுக்கு ஒரு கட்டம் வெளியே போகும் நேர்கோட்டில் இரண்டாம் வித்தியாசம் 8 வந்தே தீரும். வராவிட்டால் படத்தில் தவறு, அல்லது கோடு இன்னும் பக்கம் மாறி முடியவில்லை. கட்டம் போட்ட நோட்டில் 9 × 9 வரைந்து 81 வரை எழுதினால் இந்தச் சோதனைக்குப் போதும். ஓ.இ.ஐ.எஸ். என்ற இணைய எண் தொடர் களஞ்சியத்தில் தேடும்போதும் ஐந்தாறு எண்ணாவது கொடுங்கள். 2, 3, 14 என்று மட்டும் போட்டால் சம்பந்தமில்லாத தொடர்கள் வந்து குவியும்.

ஒற்றை எண் கோட்டைப் பார்த்து அசந்துபோவது

1963-இல் கணித அறிஞர் ஸ்டனிஸ்லாவ் உலாம் இந்தச் சுருளில் பகா எண்களைக் குறித்தபோது சாய்கோடுகள் தெரிந்தன. சாய்வாக அமைவதிலேயே அதிசயம் ஒன்றும் இல்லை. 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்ணும் ஒற்றை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவதால், ஒவ்வொரு சாய்கோடும் முழுக்க ஒற்றையாகவோ முழுக்க இரட்டையாகவோதான் இருக்கும். ஒற்றைச் சாய்கோடுகளுக்குள்ளேயே சிலவற்றில் ஏன் அதிகம், சிலவற்றில் ஏன் குறைவு என்பதைத்தான் கேட்க வேண்டும். 9, 25, 49, 81 என்று வலக்கீழ் மூலைக்கு இறங்கும் பக்கத்தில் ஒரு பகா எண்கூட இல்லை, எல்லாமே வர்க்கங்கள். அதே கோட்டில் எதிர்ப்பக்கம் ஏறினால் 5, 17, 37 மூன்றும் பகா எண்கள், 65-இல் (5 × 13) அறுந்துபோகும்.

1-ஐப் பகா எண் என்று வட்டமிடுவது

கூடாது. பகா எண் 2-லிருந்துதான்.