சாட்ஸ்வொர்த் பழைய வீடுகளில் ஓதமும் வடிகாலும்: பழுதுபார்க்கும் வரிசை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்துக்குத் தென்மேற்கே, சாட்ஸ்வொர்த் குன்றுகளில் நகராட்சி 1960களில் கட்டிய வீடுகள், 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காகச் சிக்கனமாக எழுப்பப்பட்டவை. சரிவை வெட்டிச் சமப்படுத்திய மனை, சிமென்ட் கற்சுவர், அஸ்பெஸ்டாஸ் கூரை, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சுட்ட மண்ணால் ஆன சாக்கடைக் குழாய் ஆகியவற்றை அங்கே இன்றும் பல வீடுகளில் காணலாம். இத்தகைய வீட்டில் சுவர் ஓதம் காத்தால், தீபாவளிக்கு முன் உட்புறத்தைச் சுரண்டி, கடைக்காரர் சொல்லும் ஈரத்தடுப்பு வண்ணத்தைப் பூசிவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்வதால், தீபாவளிக்குப் பூசிய வண்ணம் தைப்பூசக் காவடிக்குள் கொப்பளித்து உதிரத் தொடங்கிவிடுகிறது. இதில் வண்ணத்தைக் குறைகூறிப் பயனில்லை. நீர் வரும் வழியை வெளியில் அடைத்துவிட்டு, சுவர் உலர்ந்த பின்னரே உள்வேலைக்கு வர வேண்டும். வண்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் வேலை. மழை குறைந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மண்வெட்டியை எடுப்பவருக்கே இந்த வரிசையைக் கடைப்பிடிக்கப் போதிய காலம் கிடைக்கும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி, ஈரமான இடத்தின் மேல் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. அதற்குச் சன்னலைத் திறப்பதும் அலமாரியைச் சுவரிலிருந்து சற்று விலக்கிவைப்பதுமே மருந்து. சுவரைப் பார்த்த முகம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை சீராகப் படர்ந்து, மேல் விளிம்பில் உப்புப் பூத்திருப்பது பெரும்பாலும் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். மழைக்குப் பின் பெரிதாகி வெயிலில் சுருங்கும் கறை, கூரையிலிருந்தோ வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ வருவது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் ஒரே அளவில் இருக்கும் கறைக்குக் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

குழாய்க் கசிவை உறுதிசெய்யத் தண்ணீர் மீட்டரே போதும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால், வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள வால்வை மூடி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் நகர்ந்தால் மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்கடியில் குழாய் ஓட்டையாகியிருக்கிறது. வால்வை மூடியதும் எண் நின்றுவிட்டால் கழிவறைத் தொட்டியில் சிறிது கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டு, தொட்டி நீரைத் திறந்துவிடாமல் அரை மணி நேரம் காத்திருங்கள்; பீங்கானில் நிறம் இறங்கினால் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது.

வெளிவேலைதான் பலன் அதிகம் தருவது. கூரையோரத்து மழைநீர்க் கட்டரில் மாவிலைச் சருகு அடைத்திருந்தால், பெருமழையின்போது நீர் பின்புறமாக வழிந்து சுவரின் உச்சியை நனைக்கும். ஆனால் கூரையும் கட்டரும் அஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருந்தால் அவற்றை உலர்வாகத் தேய்ப்பதும், துளையிடுவதும், உயரழுத்த நீர் அடித்துக் கழுவுவதும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால்தான் தென்னாப்பிரிக்கா 2008இல் அஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தது. சருகை நனைத்துக் கையுறையோடு அள்ளுவதோடு நிறுத்திக்கொண்டு, உடைந்த தகட்டை மாற்றுவதை அஸ்பெஸ்டாஸ் வேலைக்குப் பதிவுபெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

அடுத்துத் தரைமட்டம். சுவரின் அடியில் ஈரம் மேலே ஏறாமல் தடுக்க ஒரு படலம் வைத்துக் கட்டியிருப்பார்கள். வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். கார் நிறுத்தவும், கல்யாணப் பந்தல் போடவும், பின்கட்டு எழுப்பவும் ஒவ்வொரு தலைமுறையும் முற்றத்தில் கான்கிரீட் ஊற்றி ஊற்றி, அந்தப் படலமே புதைந்துபோன வீடுகள் உண்டு. அங்கே மழைநீர் படலத்தைத் தாண்டி நேராகச் சுவருக்குள் இறங்குகிறது. எந்த ரசாயனத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சுவரை ஒட்டி 300 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டியெடுத்து, அந்த இடத்தைத் தாழ்த்திச் சரளைக்கல் நிரப்புங்கள். எஞ்சிய முற்றம், சுவரிலிருந்து விலகும் திசையில் மீட்டருக்கு 25 மில்லிமீட்டராவது சரிய வேண்டும். கண்ணால் மதிப்பிடாமல், நேரான பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணைத் தாங்கி நிற்பதுபோல் இருக்கும். சாமி மாடமோ அலமாரியோ அந்தச் சுவரை மறைத்திருப்பதால் ஓதம் கண்ணில் படுவதற்கே நாளாகும். அங்கே மேட்டுப்பக்கமாக, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, அகழி தோண்டி வடிகால் அமைக்கலாம். அகழியின் அடியில் வடிதுணியை விரித்து, துளையிட்ட 110 மில்லிமீட்டர் குழாயை 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் வைத்து, 19 மில்லிமீட்டர் ஜல்லியால் மூடி, துணியின் ஓரங்களை மேலே மடித்துவிட வேண்டும். துணி இல்லாவிட்டால் சேறு புகுந்து குழாய் சில பருவங்களில் அடைத்துவிடும். அகழி எந்த இடத்திலும் அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளியேறும் நீர் பக்கத்து வீட்டு மனைக்குள்ளும் விழக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் குன்றுகளில் மண் சரிந்து எத்தனையோ வீடுகள் இடிந்ததை இங்கு எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே தாங்குசுவர் சாய்ந்தோ, வயிறு தள்ளியோ, படிக்கட்டு வடிவில் வெடித்தோ இருந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

சாக்கடைக்கு வருவோம். சமையலறைக் குழாய் அடைபடுவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். முறுக்கும் வடையும் சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றினால் அது குளிர்ந்து குழாயின் உள்வட்டத்தில் படிந்துவிடும். முதலில் சிங்கின் கீழுள்ள வளைகுழாயைக் கழற்றிக் கழுவுங்கள். காஸ்டிக் சோடாவைக் கொட்டிவிட்டு அதன்பின் கழற்றினால் கையும் கண்ணும் வெந்துவிடும். அதில் அடைப்பு இல்லையென்றால் வெளியே சென்று மான்ஹோல் மூடிகளைத் திறந்து பாருங்கள். நீர் தேங்கிய மான்ஹோலுக்கும், அதற்கு அடுத்துக் கீழே வறண்டிருக்கும் மான்ஹோலுக்கும் இடைப்பட்ட குழாயில்தான் அடைப்பு இருக்கும். அடைப்பெடுக்கும் கழிகளைச் செலுத்தும்போது கடிகாரச் சுற்றில் மட்டுமே திருப்ப வேண்டும். எதிர்ச்சுற்றில் திருப்பினால் மரை கழன்று கழி உள்ளேயே தங்கிவிடும். கழியின் நுனியில் வேர்ச்சிம்பு வந்தால், பழைய மண்குழாயின் சிமென்ட் இணைப்பு வெடித்து மாமரமோ அத்திமரமோ உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். வேரை வெட்டினால் மீண்டும் தளிர்க்கும் என்பதால், அந்தத் துண்டை எடுத்துவிட்டு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் பதிப்பதே நிலையான தீர்வு. அதற்கு மீட்டருக்கு ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீட்டர் சரிவு கொடுத்து, கற்கள் இல்லாத மணலில் படுக்கவைத்து, மண்குழாயோடு சேரும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையுள்ள ரப்பர் இணைப்பைப் போடுங்கள். கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் திருப்பிவிடும் குறுக்குவழி விதிக்குப் புறம்பானது. பெருமழையில் கீழ்வீட்டாரின் கழிவறையே பொங்கி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எளிது: வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்து, தலைப்பகுதியைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டியதுதான். வாஷர் அமரும் பித்தளை வட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, பள்ளம் தட்டினால் அதையும் சமன்செய்ய வேண்டும். இரும்புக் குழாயின் மரை இணைப்பு கசிந்தால் ரெஞ்சைப் போட்டு முறுக்க வேண்டாம். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்க் குழாயின் கனமும் குறைந்திருப்பதால், அது சுவருக்குள்ளேயே முறிந்துவிடும். அந்த வரிசை முழுவதையும் கைவிட்டுப் புதிய குழாயைச் சுவரின் வெளிப்புறமாகக் கொண்டுசெல்வதே மேல்; பார்வைக்கு அழகில்லை என்றாலும் அடுத்த கசிவு உடனே தெரியும். செம்புக் குழாயை இரும்போடு சேர்க்க வேண்டியிருந்தால் இடையில் பித்தளை இணைப்பு வைத்து, நீர் ஓடும் திசையில் இரும்புக்கு முன்னால் செம்பு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கீசரை மட்டும் தொடாதீர்கள். கொதிநீர், அழுத்தம், மின்சாரம் மூன்றும் ஒரே தொட்டியில் இருப்பதால், அது தகுதிபெற்ற பிளம்பரின் வேலை.

வெளியிலிருந்து நீர் வருவது நின்ற பிறகு உள்சுவருக்கு வரலாம். ஈரச் சுவரில் மின்பிளக் இருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். உப்பை நீரால் கழுவினால் அது மறுபடி சுவருக்குள் போய்விடும் என்பதால், உலர்ந்த தூரிகையால் தட்டி வெளியே கொட்டுங்கள். கறைக்கு மேல் 300 மில்லிமீட்டர் வரை பழைய பூச்சைக் கொத்தியெடுத்துக் கல்லைத் திறந்து விடுங்கள். 25 மில்லிமீட்டர் கனம் உலர ஒரு மாதம் என்பது கட்டுமானக்காரர்களின் கணக்கு. கல்லின் மேல் ஈர விளிம்பைப் பென்சிலால் குறித்துவந்தால் அது கீழிறங்குவதைக் காணலாம். பிறகு ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, ஆறு பங்கு ஆற்றுமணல் கலந்து பூசுங்கள். கடற்கரை மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜிப்சம் பூச்சும் ஈரச் சுவரில் நிற்காது. பூச்சு உலர 28 நாள் விட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்து, ஆவியை வெளியே விடும் வகை வண்ணத்தைப் பூசுங்கள். ரப்பர்போல் மூடும் வண்ணம் மிச்ச ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.