கதவுக்குப் பின்னால் ஒரு கொலை: கையில் காசில்லாமல் த்ரில்லர் எடுப்பது எப்படி

என் முதல் க்ரைம் த்ரில்லரைப் பன்னிரண்டு நாளில் எடுத்தேன். நடிகர்கள் நாலு பேர், ஒரு வீடு, ஒரு கார். எந்தக் கேமரா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கேமரா எதுவானாலும் சமாளித்துவிடலாம். எழுதும்போதே கணக்குப் போடாவிட்டால்தான் சிக்கல்.

நான் கதையிலிருந்து தொடங்கவில்லை. வாடகையில்லாமல் கிடைப்பது என்னென்ன என்று ஒரு தாளில் எழுதினேன்: நண்பனின் மாடி வீடு, கீழே கார் ஷெட், பழைய கார், நாடகத்தில் நடித்த இரண்டு பேர். இதற்குள் அடங்குகிற குற்றம் எது என்று அப்புறம் யோசித்தேன். முதல் டிராஃப்டில் துரத்தல் ஒன்று இருந்தது, தூக்கிவிட்டேன். கொலையையும் மூடிய கதவுக்குப் பின்னால் தள்ளினேன். கேமரா வெளியே நிற்கும் தங்கையின் முகத்தில் மட்டும் இருக்கும். உள்ளே ஒரு நாற்காலி விழும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு யாரோ தண்ணீர்க் குழாயைத் திறப்பார்கள். படம் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இருக்கிற காசில் பெரிய பங்கை சவுண்டுக்கு ஒதுக்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் ஸ்டைல் என்று விட்டுவிடுவார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். லொகேஷன் பார்க்கப் போனால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஃப்ரிட்ஜை அணைத்தால் கார் சாவியை அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது தானாக ஞாபகம் வரும். மூன்றாம் நாள் சாவி வைக்க மறந்தேன். மறுநாள் காலை அந்த வீட்டம்மா முகத்தில் விழிக்க முடியவில்லை. ஒவ்வொரு அறையிலும் கிளம்புமுன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, ஒரு நிமிஷம் அந்த அறையின் வெறும் ஆம்பியன்ஸை, அதாவது யாரும் பேசாதபோது அங்கே இருக்கும் சத்தத்தை, பதிவு செய்யுங்கள். எடிட்டில் வசனத்துக்கு நடுவே விழும் ஓட்டைகளை அடைப்பது அதுதான்.

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்பது பழைய கணக்கு. எனக்கு 84 பக்கம், ஆக நாளுக்கு ஏழு. ஸ்பாட்டில் போய் நடிப்பைத் தேடினால் இது முடியாது. கிறிஸ்டோபர் நோலன் 1998-இல் வெளியான 'ஃபாலோயிங்' படத்தை வார இறுதிகளில், ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்தார். ஃபிலிம் செலவைக் குறைக்க, ஒன்றிரண்டு டேக்கிலேயே முடிகிற அளவுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டார். நமக்கு ஃபிலிம் செலவு கிடையாது, ஆனால் நேரச் செலவு உண்டு. நான் ஒரு மாதம் ஒத்திகை வைத்தேன்.

இரவில் கார் ஓடுகிற காட்சியை ஓடாத காரில் எடுத்தோம். ஷெட்டில் விளக்கை அணைத்து, காரை நிறுத்தி, பின் பம்பருக்குக் கீழே ஒரு பலகையைக் கொடுத்து ஒருவர் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டார். இன்னொருவர் எல்இடி விளக்கோடு முன்னாலிருந்து பின்னால் நடந்தார், அதுதான் தெருவிளக்கு. பின்னால் தூரத்தில் ஒரு குச்சியில் கட்டிய இரண்டு சின்ன விளக்குகள், பின்னால் வரும் இன்னொரு வண்டி. கண்ணாடியில் தண்ணீர் தெளித்ததால் வெளியே சுவர் இருப்பது தெரியவில்லை. முதல் டேக் சொதப்பல்தான். நடிகர் ஸ்டியரிங்கைச் சும்மா சும்மா ஆட்டிக்கொண்டிருந்தார். நேர்ச்சாலையில் யார் அப்படி ஓட்டுவார்கள்? விளக்கு இடைவெளியும் ஒரே சீராக இல்லை. நானே பக்கத்தில் நின்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கை காட்டியபிறகுதான் கார் 'ஓடியது'.

வீட்டு விளக்குகளை நம்பி எடுக்கிறவர்கள் கேமராவின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 வினாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. இல்லையென்றால் சில விளக்குகள் சிமிட்டும், டிஐயில் (எடிட் முடிந்து நிறமும் வெளிச்சமும் சரிசெய்கிற கட்டம்) அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, சிவப்பு உணவுச் சாயம், கருமைக்குத் துளி கோகோ பவுடர். ஒரே மாதிரிச் சட்டை மூன்று வாங்குங்கள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கறையைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது, அதில்தான் சறுக்கும்.

துப்பாக்கி வேண்டாம். பொம்மைதானே என்று தெருவில் நீட்டினால், பார்க்கிறவருக்கும் போலீசுக்கும் அது பொம்மை என்று எப்படித் தெரியும்? குண்டு இல்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டாவும் விளையாட்டல்ல. 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியைத் தன் தலையில் வைத்து விளையாட்டாக அழுத்தி, அந்தக் காயத்தில் இறந்தார். என் கதையில் கொலைக்கருவி ஒரு இஸ்திரிப்பெட்டி ஒயர். அதுவும் திரையில் வராது.

ஃபுட்டேஜை அன்றன்றே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டும் ஒரே பையில் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழாய் மட்டும் ஸ்பாட்டில் எடுத்தது இல்லை. அங்கே கிடைத்த சத்தம் ரொம்ப மெலிசு. மிக்ஸிங்குக்கு முந்தின ராத்திரி என் வீட்டு பாத்ரூமில், வாளியின் அடியில் ஈரத்துணி போட்டு எடுத்துப் பார்த்தோம். நாலு டேக்கிலும் அது வெறும் தண்ணீராகத்தான் கேட்டது. ஐந்தாவது தடவை ரெக்கார்டிஸ்ட் ஒன்றும் சொல்லாமல் மைக்கைத் தூக்கி வெளியே வைத்தார், கதவைச் சாத்தினார். படத்தில் இருப்பது அந்த டேக்.