முழங்கால் போட்டுப் பாருங்கள்: மழலையர் பள்ளி ஆய்வுக்குத் தயாராவது

உரிமம் வாங்கிய மழலையர் பள்ளிக்கு ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமலும் வரலாம். அவர் வருகிறார் என்று தெரிந்த பிறகு ஓடி ஓடித் துடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. தினமும் காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு சுற்று வாருங்கள், முழங்கால் போட்டபடி. நின்றுகொண்டு பார்த்தால் மேசையின் மேற்புறம்தான் தெரியும். அடியில் துருத்தும் ஆணியும், ஜன்னல் திரையிலிருந்து தொங்கும் கயிற்று வளையமும், மூடியில்லாத பிளக் பாயின்ட்டும் பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருக்கின்றன.

பொம்மைகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். சிறு பாகங்களைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர்களின் அறையில் இருக்கக்கூடாது. குழாய் இல்லையென்றால் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டையில் போட்டுப் பாருங்கள். அது கொஞ்சம் அகலம், அதனால் இன்னும் கண்டிப்பான சோதனை. பாட்டுப் பாடும் பொம்மைகளைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். அழுகையோ இருமலோ இல்லாமலும் இது நடக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஏறி விளையாடும் சட்டங்களில் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்துகளை அளந்து பாருங்கள். காலை முதலில் விட்டால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீரின் சூட்டைக் கையால் அல்ல, தெர்மாமீட்டரால் பாருங்கள். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடிகளில் பிஞ்சுத் தோலை வேக வைத்துவிடும். வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். பிளீச்சும் அமிலம் கலந்த கழிவறை கிளீனரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இரண்டையும் கலக்கவே கூடாது என்று துப்புரவுப் பணியாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எல்லாம் அதனதன் பாட்டிலில், பூட்டிய அலமாரியில்.

தீ ஒத்திகையைப் பிள்ளைகள் தூங்கும் நேரத்திலும் ஒருமுறை நடத்துங்கள். எல்லாரும் ஷூ போட்டு வரிசையில் நிற்கும்போது மட்டும் செய்யும் ஒத்திகையால் என்ன தெரியும்? வருகைப் பதிவேடு ஆசிரியரோடு வெளியே வர வேண்டும். வெளியில் பெயர் சொல்லி எண்ண வேண்டும்.

காலைச் சுற்றைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் விட்டுப்போன நாளை விட்டுப்போனதாகவே வையுங்கள். ஒரு மாதக் கையெழுத்தை ஒரே உட்காரலில் போட்டிருந்தால் ஆய்வாளருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிறகு நீங்கள் ஒழுங்காகச் செய்த வேலையையும் அவர் நம்பமாட்டார்.

அவர் குறை எழுதினால் வாதாடாமல், எந்த விதி, எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழுதான சாமானைக் கயிறு கட்டி மறித்து வைக்காதீர்கள், அந்தக் கயிறே ஆபத்து. அன்றைக்கே கழற்றி, பிள்ளைகள் போகாத அறையில் பூட்டிவிடுங்கள்.