ஜெபக்கூட்டத்தில் இஸ்ரேல் பேச்சு வந்தால் எப்படி நடத்துவது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில், வெள்ளிக்கிழமை இரவுதான் எங்கள் ஜெபக்கூட்டம். ஒரு நாள் ஓர் அக்கா ஆதியாகமம் 12:3-ஐ வாசித்து இஸ்ரேலுக்காக ஜெபிக்கச் சொன்னார், எதிரே இருந்த தம்பி காஸா பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கலாமே என்றான், அவ்வளவுதான், சத்தம் ஏறிவிட்டது. ஊற்றி வைத்த தேநீரை யாரும் தொடவில்லை. இரண்டு பேருமே வேதத்தை நேசிக்கிறவர்கள், அதுதான் எனக்கு வலித்தது. அதற்கப்புறம் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம், நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் எழுத்தைக் கவனிக்க வையுங்கள். நம் பழைய வேதாகமத்தில் இருப்பது ‘இஸ்ரவேல்’, கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் ‘இஸ்ரயேல்’, செய்தித்தாளில் ‘இஸ்ரேல்’. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், தமிழில் நமக்கு இந்த வசதி இருக்கிறது. வசனம் வாசித்ததும், இங்கே யாரைச் சொல்கிறது என்று கேளுங்கள்: யாக்கோபையா, பன்னிரண்டு கோத்திரங்களையா, வடக்கே இருந்த ராஜ்யத்தையா, இல்லை 1948 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட நாட்டையா? பதிலை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும், பேச்சு அப்புறம்.

அந்த ஆதியாகமம் 12:3-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆபிராமுக்கு (பின்னால் ஆபிரகாம் ஆனவருக்கு) சொல்லப்பட்டது, இஸ்ரவேல் என்ற பெயரே 32-ஆம் அதிகாரத்தில்தான் அவர் பேரன் யாக்கோபுக்குக் கிடைக்கிறது. ‘உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்’ என்ற முதல் பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ‘பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்’ என்ற கடைசிப் பகுதியில்தான் நிற்கவேண்டும், ஏனென்றால் பவுல் கலாத்தியர் 3-ல் அதைத்தான் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துவினுடையவர்கள் எல்லோரும் ஆபிரகாமின் சந்ததி என்கிறார். உடனே ரோமர் 11-ஐயும் திறக்கச் சொல்லுங்கள், தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிடவில்லை என்று எழுதியவரும் அதே பவுல்தான். இரண்டையும் ஒரே இரவில், சத்தமாக வாசியுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வாசிப்பும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுங்கள். சபைக்கு ஒரு திட்டம், இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம் என்று பிரித்துக் காட்டும் வாசிப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பினார். 1909-ல் அமெரிக்கப் போதகர் ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமம் அதை வசனத்துக்குக் கீழேயே குறிப்பாக அச்சடித்தது, குறிப்பையே வசனமாக எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். 1948-ல் இஸ்ரேல் நாடு உருவானபோதும், 1967 போரில் எருசலேம் முழுவதும் அதன் கைக்கு வந்தபோதும் அவர்களுக்கு அது தீர்க்கதரிசனம் நிறைவேறியது போலவே இருந்தது. இன்னொரு பக்கம், வாக்குத்தத்தங்கள் கிறிஸ்துவுக்குள் நிறைவேறிவிட்டன என்ற பழைய வாசிப்பு இருக்கிறது. அதை வைத்துத்தான் பல நூற்றாண்டுகள் யூதர்களை இழிவுபடுத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோரும் பொறுப்பு என்ற பழியைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல்தான் வெளிப்படையாக மறுத்தது. காஸாவிலேயே பழைய ஆர்த்தடாக்ஸ் ஆலயம் இருக்கிறது, அங்கே கும்பிடுகிறவர்களும் இதே ரோமர் 11-ஐத்தான் வாசிக்கிறார்கள் என்று சொன்னபோது அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நாடு, அரசு பற்றிய மற்ற வசனங்களுக்கும் இதே வழிதான். ரோமர் 13 அதிகாரியைத் தேவஊழியக்காரன் என்கிறது, வெளிப்படுத்தல் 13 ஓர் ஆட்சியை மிருகமாகக் காட்டுகிறது, இரண்டும் ரோமர்கள் ஆண்ட காலத்தில் எழுதியவை. தென்னாப்பிரிக்காவில், தேவன் மொழிகளைப் பிரித்த பாபேல் கதையைக் காட்டி இனப் பிரிவினையை நியாயப்படுத்திய சபை இருந்தது, அதே வேதத்தைக் காட்டி எதிர்த்த பெல்ஹார் அறிக்கையும் 1986-ல் ஏற்கப்பட்டது. நம் ஊரில் இதைத் தூர தேசத்து விஷயம் என்று விடமுடியாது, நம் மலேசிய பாஸ்போர்ட்டிலேயே இஸ்ரேல் தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும் என்று அச்சடித்திருக்கிறது, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) தினமும் காஸா செய்தி பார்த்து அழுகிறார். அதனால் ‘யார் பக்கம் தேவன்’ என்று தலைப்பிட்டு வரும் வீடியோவைக் குழுவில் போடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

ஜெபத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் எசேக்கியேல் 37-ஐ யாராவது திறந்தால், அடுத்த வெள்ளிக்கு வையுங்கள், அந்த எலும்புகளுக்கு ஓர் இரவு முழுசாக வேண்டும்.