ஃபிரிட்ஜ் இல்லாத சமையலறை

எளிமையாக வாழ ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது: முதலில் ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரின் மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு எல்லார் வீட்டிலும் அது வெறும் பீரோவாக நின்றது. எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அது ஓடவே இல்லை.

மீனை வாரத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் அன்றைக்கு வேண்டியது மட்டும் வாங்குங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கவேண்டும். சங்கராவோ மத்தியோ, எது மலிவோ அது. புளி தூக்கலாக மண்சட்டியில் வைத்த குழம்பு மறுநாள் காலை வரை தாங்கும். ஆனால் இரவு படுக்கும் முன் ஒரு கொதி விட்டு இறக்கி, அப்புறம் கரண்டியே போடக்கூடாது. தேங்காய் அரைத்து ஊற்றினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றுங்கள், காலைக்கு ஆயிற்று. மாவைக் கொஞ்சமாக ஆட்டுங்கள். பண்ருட்டிப் பலா சீசனில் கொட்டைகளைக் காயவைத்து மணலில் புதைத்தால் நெடுநாள் வரும்.

குடிநீருக்குப் பானை. புதுப் பானையை ஒரு நாள் ஊறவைத்து, ஈர மணல்மேல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நீர் கசிந்து ஆவியாவதால்தான் குளிர்கிறது, அதனால் பெயின்ட் அடித்தது வேண்டாம். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஐஸ் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் சரி, ஃபிரிட்ஜ் இருக்கட்டும்.