டைமிங் பெல்ட் மாட்டியதும் சாவியைத் திருப்பாதீர்கள்

வீட்டிலேயே எஞ்சினின் டைமிங் பெல்ட் (கிராங்கின் சுழற்சியைக் கேமுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த பெல்ட்) மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கடைசிக் கட்டத்தில்தான். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டிலும் குறிகள் நேராக நிற்கின்றன, பெல்ட்டும் உட்கார்ந்துவிட்டது, சரி என்று உடனே ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இல்லாததால் கையால் சுற்றுவது எளிது. டென்ஷனரை (பெல்ட்டை விறைப்பாகப் பிடித்துவைக்கும் உருளை) இறுக்கியபின் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாக 2 முழுச் சுற்று சுற்றுங்கள். ஏன் 2 என்றால், கிராங்க் 2 முறை சுற்றினால்தான் கேம் 1 முறை சுற்றும், அப்போதுதான் எல்லாக் குறிகளும் மீண்டும் பழைய இடத்துக்கு வரும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும். பெல்ட்டில் அச்சிட்ட கோடுகள் மட்டும் திரும்ப ஒத்துவராது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சுற்றும்போது எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் போடவே கூடாது! பல எஞ்சின்களில் டைமிங் தவறினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், கையால் சுற்றும்போது வெறும் தடையாகத் தெரிவது ஸ்டார்ட்டர் சுற்றும்போது வால்வையே வளைத்துவிடும்.

அப்புறம், வெளியே இருக்கும் கிராங்க் புல்லியின் குறியை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் ரப்பர் உள்ள புல்லி என்றால் வெளிவளையம் நழுவியிருக்கலாம். உள்ளே பல்சக்கரத்தில் இருக்கும் குறிதான் சரியானது.