குழந்தையின் அறைக்குப் பெயின்ட் அடிக்கும்போது கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறக்கப்போகும் குழந்தைக்கென ஓர் அறையை ஒழுங்குசெய்யத் தொடங்கியதும், "பெயின்ட் நாற்றம் வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது" என்று யாராவது ஒருவர் எச்சரிக்காமல் இருக்கமாட்டார். அந்த எச்சரிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், புதிதாகத் திறக்கும் டப்பாவைக் கண்டு அஞ்சுகிறவர்கள், அதைப் பூசுவதற்காகச் சுரண்டப்படும் பழைய சுவரைப் பொருட்படுத்துவதே இல்லை. பெரிய ஆபத்து பெரும்பாலும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

ஈயம் ஒருகாலத்தில் பெயின்டின் சிறப்பாகவே கருதப்பட்டது. ஈயச் சேர்மங்கள் நிறத்துக்கு அழுத்தம் கொடுத்தன, பூச்சை விரைவாக உலரச் செய்தன, நெடுநாள் உழைக்கவும் வைத்தன. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 1978-இல் தடைசெய்யப்பட்டது. பல நாடுகளில் கட்டுப்பாடு அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது, சில நாடுகளில் இன்னும் வரவில்லை. ஆகவே, சுவரில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பூச்சுகள் எந்தக் காலத்தவை என்று தெரியாத வீட்டில், ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட சுவரை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போவதுடன், தரையிலும் சன்னல் விளிம்பிலும் படிந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்துத் தவழத் தொடங்கும் குழந்தை, அதே தரையில் கை ஊன்றி அதே கையை வாயில் வைத்துக்கொள்ளும்.

தாயின் உடலுக்குள் நுழைந்த ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது, வளரும் மூளையைப் பாதிக்கிறது. அதில் ஒரு பகுதி எலும்பில் தங்கி, கருவுக்காக எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது மீண்டும் இரத்தத்தில் கலக்கவும் செய்கிறது. குழந்தைகளுக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆதலால் சுரண்டும் வேலை நடக்கும் நாட்களில் கர்ப்பிணி, அடுத்த அறையில் அல்ல, வீட்டிலேயே இல்லாமல் இருப்பது நல்லது. வேலை செய்கிறவர் பரப்பை நனைத்துத் தேய்க்க வேண்டும். தீச்சுடராலோ வெப்பக் காற்றாலோ பூச்சை உரிக்கக் கூடாது. முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். சாதாரண தூசி உறிஞ்சியும் உதவாது, நுண்ணிய தூளை அது பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். ஐயம் தீர்க்க விரும்புகிறவர்கள், உதிர்ந்த ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பது, கடையில் கிடைக்கும் உடனடிச் சோதனைக் குச்சிகளை நம்புவதைவிட உறுதியானது. பழைய பூச்சு உரியாமல், வெடிக்காமல் இருந்தால் அதைச் சீண்டாமல் மேலேயே புதிய பூச்சு அடித்துவிடலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கதவு, சன்னல் சட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. திறந்து மூடும்போதெல்லாம் அவை உரசித் தூளை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

தேய்ப்பதற்குப் பதிலாகப் பெயின்ட் உரிக்கும் இரசாயனத்தைத் தடவுவதும் தவறே. அவற்றுள் சில வகைகளில் உள்ள டைகுளோரோமீத்தேன், உடலுக்குள் சென்று கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. கருவின் இரத்தம் அந்த வாயுவைத் தாயின் இரத்தத்தைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இனி நாற்றத்துக்கு வருவோம். நாற்றம் குறைவாக இருந்தால் நச்சும் குறைவு என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. பெயின்டிலிருந்து காற்றில் கலக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் எல்லாவற்றுக்கும் மணம் இருப்பதில்லை. 'நாற்றமற்றது' என்ற சொல் மூக்கைப் பற்றிய வாக்குறுதியே தவிர நுரையீரலைப் பற்றியதன்று. டப்பாவில் பார்க்க வேண்டியது, ஒரு லிட்டரில் இத்தனை கிராம் என்று குறிக்கப்பட்டிருக்கும் அந்தச் சேர்மங்களின் (VOC) அளவை. ஒப்பீட்டுக்குச் சொன்னால், வீட்டின் உட்சுவருக்கான பளபளப்பற்ற நீர்ப் பெயின்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 30 கிராம். எண்ணெய் அடிப்படையிலான எனாமல் இதைப்போலப் பல மடங்கு கொண்டிருக்கும். அதைக் கரைக்கவும் தூரிகையைக் கழுவவும் பயன்படும் தின்னரும் டர்பன்டைனும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும். நீர்ப் பெயின்டைத் தேர்ந்தெடுத்தபின்னும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கடையில் கலந்து தரும் அடர்நிறச் சாயம் சில நேரங்களில் அந்த அளவை உயர்த்திவிடும், ஆகவே வெளிர்நிறமே மேல்.

நீர்ப் பெயின்ட் என்றாலே தீங்கற்றது என்று கண்ணை மூடிக்கொள்வதும் கூடாது. 1989-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வீட்டின் உட்புறம் முழுவதும் பெயின்ட் அடிக்கப்பட்ட சில நாட்களில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கடுமையான பாதரச நச்சுக்கு ஆளானான். அடிக்கப்பட்டது நீர்ப் பெயின்ட்தான். பூஞ்சை பிடிக்காதிருக்க அதில் பாதரசச் சேர்மம் கலந்திருந்தார்கள். ஏசியை ஓடவிட்டு வீட்டின் சன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டில் உட்சுவர்ப் பெயின்டில் பாதரசம் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆனாலும் பரணில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் மிச்ச டப்பாவைச் சிக்கனம் கருதித் திறப்பதற்கு முன் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்வது நல்லது. ஈரமேறிய சுவரைக் காயவிடாமல், பூஞ்சையை மறைப்பதற்காகப் பூஞ்சைக்கொல்லி கலந்த பெயின்டை அடிப்பதும் குழந்தையின் அறைக்கு ஏற்றதன்று. கசிவை அடைப்பதே அதற்கு மருந்து.

அந்த வீட்டில் நடந்த மற்றொரு பிழை இன்றும் அன்றாடம் நடப்பதுதான். பெரும்பாலான ஏசிகள் அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கின்றன, ஆவியை வெளியேற்றுவதில்லை. எதிரெதிரான சன்னல்களைத் திறந்து, ஒன்றில் விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, அறைக்கும் வீட்டின் மற்ற பகுதிக்கும் இடையிலுள்ள கதவைச் சாத்தி வைப்பதே சரியான முறை. கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவதும் அவசரமே. நீர்ப் பெயின்ட் ஓரிரு மணி நேரத்தில் உலர்ந்தாலும், பூச்சு முழுமையாக இறுக இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இன்னும் தாமதமாகும். அந்தக் காலம் முழுவதும் சன்னல் திறந்திருக்க வேண்டும், மெத்தையும் துணிகளும் உள்ளே போகக் கூடாது.

முகக்கவசம் அணிந்தால் எதையும் செய்யலாம் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. என்95 போன்ற கவசங்கள் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கனமான கவசங்களோ மூச்சு விடுவதைக் கடினமாக்கும், கர்ப்பத்தில் மூச்சு ஏற்கெனவே சிரமம். கவசம் தேவைப்படும் வேலை என்றால் அது வேறொருவர் செய்ய வேண்டிய வேலை.

ஏணி ஏறுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வயிறு பெருக்கையில் உடலின் சமநிலை மாறுகிறது, மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. பெயின்டைவிட ஏணியே உடனடி ஆபத்து.

சுவரில் இத்தனை கவனம் செலுத்திய பிறகு தொட்டிலில் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. சுவரைக் குழந்தை நக்குவது அரிது. தொட்டிலின் விளிம்பையோ பல் முளைக்கும் பருவத்தில் அது கடிக்காமல் விடாது. உறவினர் கொடுத்த பழைய தொட்டிலில் ஈயப்பூச்சு இருக்கக்கூடும். அதன்மேல் எனாமலையோ ஸ்பிரே பெயின்டையோ அடித்துப் புதுப்பிப்பது ஒரு நச்சை இன்னொன்றால் மூடுவதாகும். விளையாட்டுப் பொருட்களுக்கு ஏற்றது என்று சான்று பெற்ற பூச்சு மட்டுமே இதற்குத் தகும்.

காலக்கணக்கிலும் பிழை நேர்கிறது. கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போட்டால், குழந்தை முந்திக்கொண்டு வந்துவிடும்போது அறை ஈரமாகவே இருக்கும். இடைப்பட்ட மாதங்கள் பொருத்தமானவை. உண்மையில் இதில் அவசரமே இல்லை என்பது என் கருத்து. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவதையே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. அலங்கரித்த அறை காத்திருக்கும் வேளையில் குழந்தை அங்கே இருக்கப் போவதில்லை.

இவற்றைப் படித்துவிட்டு, 'ஏற்கெனவே அடித்துவிட்டோமே' என்று கலங்குகிறவர்களுக்கு: திறந்த சன்னலுடன் ஒரு நாள் நீர்ப் பெயின்ட் அடித்ததால் கருவுக்குக் கேடு நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கரைப்பான்கள் குறித்து வந்த கவலைக்குரிய ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் மாதக்கணக்கில் அவற்றோடு உழைத்த தொழிலாளர்களைப் பற்றியவை. தலைவலியோ மயக்கமோ வந்தால் அறையை விட்டு வெளியேறிக் காற்றோட்டமான இடத்தில் அமர வேண்டும், தணியவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். ஆனால் செய்தது பூசுதல் அல்ல, பழைய வீட்டின் சுவரை உலர்வாகச் சுரண்டியது என்றால், எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்க வேண்டும்.